நான் அடைத்த துவாரம்

சிஸ்டர்,

இன்று காலை, கோடைக்குப் பிறகு முதல் தடவையாக, வீட்டைச் சூடாக்கும் ஹீற்றிங்கைப் போட்டேன். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், கோடை முழுக்க சுவரோர ரேடியேற்றர்களின் இடுக்கில் படிந்து கிடந்த தூசு சூடேறிக் கருகும் மணம் வீடு முழுவதும் பரவியது. என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தாள். நான் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஒக்ரோபரில் இந்த மணம் யார் வீட்டில் முதலில் வருகிறதோ, அங்கிருந்து மற்ற வீட்டுக்கு ஃபோன் போகும். பெரும்பாலும் நீங்கள்தான் முந்துவீர்கள். "சீசன் ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. டூல்ஸ் பையை எடுத்துத் தூசு தட்டி வைங்க." அவ்வளவுதான் சொல்வீர்கள். வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. இது நீங்கள் இல்லாத முதல் ஒக்ரோபர். உங்கள் எண் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. அழைத்தால் எடுக்க ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பார்க்கிங் என்ற இந்த ஊரில் எங்கள் ஆட்கள் யாருமே கூப்பிட்டதில்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் நர்ஸ், ஆகவே எல்லோருக்கும் சிஸ்டர். நீங்கள் தூத்துக்குடி வழக்கப்படி என்னை அண்ணாச்சி என்றீர்கள். யாழ்ப்பாணத்தவனான எனக்கு 'அண்ணை' கேட்டுத்தான் பழக்கம். 'அண்ணாச்சி' முதலில் மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது போல இருந்தது. ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அது எனக்கே உரிய பெயராகிவிட்டது. உங்களுக்குப் பிறகு அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

நாம் சந்தித்ததே ஒரு ஜன்னலால்தான். நான் அப்போது ஜன்னல் பொருத்தும் கம்பனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். உங்கள் படுக்கையறை ஜன்னலால் குளிர் வருகிறது, புதிதாக மாற்ற வேண்டும் என்று நீங்கள் கூப்பிட்டிருந்தீர்கள். அளவெடுக்க வந்த நான் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தேன். கண்ணாடியில் பிழை இல்லை. சட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"இதை மாத்தத் தேவையில்லை. ரப்பரை மட்டும் மாத்தினால் காணும்," என்றேன்.

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "உங்க கம்பனிக்குத் தெரியுமா, நீங்க இப்படிச் சொல்றது?"

"தெரியாது. தெரிஞ்சால் நாளைக்கு எனக்கு வேலை இராது."

சிரித்துக்கொண்டே தேநீர் போட்டீர்கள். நான் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் என்னிடம் சனிக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டீர்கள். ஒன்றும் செய்வதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு எனக்குச் சும்மா இருந்த சனிக்கிழமை ஒன்றுகூட வரவில்லை.

அன்று நீங்கள் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. "நான் கால்ல கட்டுப் போடுறேன். கால் ஐஸ் மாதிரி இருக்கு. குளிர்ல ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலைன்னா புண் ஆறாது. நான் வாராவாரம் போய் ஆறாத புண்ணைச் சுத்திச் சுத்திக் கட்டிட்டு வர்றேன். ஊசி மருந்தெல்லாம் என்கிட்ட இருக்கு. ஜன்னல்தான் இல்லை."

நோயாளிகளின் பெயரை ஒருபோதும் எனக்குச் சொல்ல மாட்டீர்கள். என் ஃபோன் எண்ணை ஒரு துண்டில் எழுதி அவர்கள் மேசையில் வைத்துவிட்டு, "விருப்பம்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். அவர்களே கூப்பிடுவார்கள். கதவுக்கு அடியில் பிரஷ் வைத்த பட்டி, கடிதம் போடும் துவாரத்துக்கு மூடி, ஜன்னல் சட்டத்துக்குப் பஞ்சுப் பட்டி, வெளிச்சுவரில் இருக்கும் ரேடியேற்றருக்குப் பின்னால் சூட்டை அறைக்கே திருப்பும் வெள்ளித் தாள். ஒரு வீட்டுக்கு அரை நாள் போதும். ஹீற்றிங்கை எத்தனை மணிக்கு எரிய விடுவது, எத்தனையில் வைப்பது என்பதை அவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுப்பேன். பல வீடுகளில் ஹீற்றிங்குக்கு நேரம் வைக்கும் பெட்டியைத் தொடவே பயந்திருந்தார்கள்.

மிகப் பெரிய கஷ்டம், எங்கள் ஆட்கள் குளிர்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் இருப்பார்கள், குளிரோ என்று கேட்டால், "எங்களுக்கென்ன குளிர்? பழகிப்போச்சுது" என்பார்கள். நீங்கள் அந்தக் கேள்வியையே கைவிட்டீர்கள். "எந்த ரூம்ல படுக்கிறீங்க?" என்று கேட்பீர்கள். மூன்று அறை வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுப்பதாகப் பதில் வந்தால், மற்ற அறைகள் குளிர்ந்து கிடக்கின்றன என்று உங்களுக்கு விளங்கிவிடும். அது உங்கள் கெட்டித்தனம்.

எங்கள் தமிழும் உங்கள் தமிழும் முட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. ஒரு அம்மா, தங்களுக்கு வீடு கொடுத்த கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். நீங்கள் அவருக்கு ஆறுதலாக, "கவலைப்படாதீங்க, நான் அவங்ககிட்ட நல்லா பேசிடுறேன்" என்றீர்கள். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பிறகு எங்களை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்," என்றார். விளங்கப்படுத்தியபோது நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

இரண்டு குளிர்காலத்தில் நாம் ஒரு குழுவாகிவிட்டோம். சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். வங்கியில் வேலை செய்யும் குமார் செயலாளர் ஆனார். எழுத்து வேலை எல்லாம் அவர்தான். தெருவில் ஆட்கள் என்னை மறித்துத் தங்கள் வீட்டுக்கும் வரச் சொன்னார்கள். எனக்குள் ஒரு பெருமை ஏறிவிட்டது. காற்று எந்த வழியால் வந்தாலும் அடைத்துவிடுவேன் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை இப்போது மறைக்காமல் எழுதுகிறேன், சிஸ்டர். அந்தப் பெருமைதான் என்னைச் செல்வராசா அண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனது.

செல்வராசா அண்ணைக்கு நீரிழிவால் காலில் புண். பெற்றோல் நிலையத்தில் கனகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க முன்னறையில் சாய்வு நாற்காலியில் கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியபடி இருப்பார். அவர் மனைவி பவளக்கா பள்ளிக்கூடக் கன்டீனில் வேலைக்குப் போய்விடுவார். வாடகை வீடு. அறையில் பழைய கணப்பு அடுப்பு இருந்த இடத்தில் ஒரு காஸ் ஹீற்றர் பொருத்தியிருந்தது. நான் நவம்பரில் போனேன். அன்று உங்களுக்கு ஷிப்ட்; நீங்கள் வரவில்லை.

ஜன்னல், கதவு எல்லாம் முடித்துவிட்டேன். அப்போது அவர் கையால் சுவரைக் காட்டினார். சோபாவுக்குப் பின்னால், நிலத்தோடு ஒட்டி, பிளாஸ்ரிக் வலை போட்ட சதுரத் துவாரம் ஒன்று.

"தம்பி, முழுக் குளிரும் உதாலதான் வருது. நேர என்ரை காலுக்கு அடிக்குது."

நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். கத்தி மாதிரிக் காற்று. யாரோ ஒரு காரணத்துக்காகத்தான் இதை வெட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் வந்தது எனக்கு நல்ல நினைவு. காரணம் என்னவென்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வெப்பம் காக்கும் அட்டையில் அளவாக ஒரு துண்டு வெட்டி உள்ளே இறுக்கி, ஓரம் முழுக்க சிலிக்கன் பசை பூசி, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். துவாரம் இருந்ததே தெரியவில்லை. செல்வராசா அண்ணை காலை அந்தப் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப காத்தே இல்லை. நீர் நல்லா இருப்பீர்," என்றார். அந்த வாழ்த்தோடு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலையில் ஏணியில் நின்றேன். உங்கள் ஃபோன் வந்தது. உங்கள் குரலில் வழக்கமான அவசரம் இல்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினீர்கள்.

"அண்ணாச்சி, செல்வராசா அண்ணன் வீட்டுல சோபாவுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு ஓட்டை இருந்துச்சே. அது எங்க?"

"நான்தான் அடைச்சனான் சிஸ்டர். குளிர் வந்தது," என்றேன். அப்போதும் என் குரலில் பெருமை இருந்தது.

உங்களுக்குப் பின்னால் வீதிச் சத்தம் கேட்டது. பிறகு, "உடனே வாங்க" என்றுவிட்டு வைத்துவிட்டீர்கள்.

நடந்ததை நீங்கள் பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். கட்டு மாற்றப் போனபோது அவர் கதைக்கும் சொற்கள் குழறின. இரண்டு கிழமையாகத் தலையிடி, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். சீனி கூடியதாக்கும் என்று நீங்களும் முதலில் சோதித்தீர்கள். அது சரியாக இருந்தது. பவளக்கா அன்று லீவு. அவரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் சனி ஞாயிறிலை இதே தலையிடிதான். கோயிலுக்குப் போய் நிண்டால் சுகமாகிடும், வீட்டை வந்தால் திரும்பத் தொடங்கும். கண்ணூறோ தெரியேல்லை," என்றார். அந்த இடத்தில் உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நோய், வெளியே போனால் சுகம். எழுந்து காஸ் ஹீற்றரை நிறுத்தினீர்கள். நான் இறுக்கிய ஜன்னல்களை எல்லாம் திறந்தீர்கள். செல்வராசா அண்ணையை மூலையில் இருந்த அவருடைய சக்கர நாற்காலியில் வைத்து, கையில் அகப்பட்ட போர்வைகளைச் சுற்றி, வெளியே தள்ளிக்கொண்டு போனீர்கள். அம்புலன்ஸுக்கும் காஸ் அவசர எண்ணுக்கும் அழைத்த பிறகுதான் எனக்கு அழைத்தீர்கள்.

நான் வந்து சேர்ந்தபோது அவரை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் ஒட்சிசன் மூடி. பவளக்கா செருப்பில்லாமல், காலுறையோடு, ஈரமான நடைபாதையில் நின்றார். இந்த மனிதருக்குக் குளிரக்கூடாது என்றுதான் நான் அத்தனையும் செய்தேன். அவரை ஜனவரிக் குளிருக்குள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதும் நான்தான்.

காஸ் ஆள் கையில் ஒரு கருவியோடு உள்ளே போய்விட்டு வந்தார். அவர் நிதானமாக விளக்கினார். அந்த ஹீற்றர் அறையில் இருக்கும் காற்றை எடுத்துத்தான் எரிகிறது. வெளியிலிருந்து புதுக்காற்று வராவிட்டால் காஸ் சரியாக எரியாது. புகைபோக்கியால் போக வேண்டிய கெட்ட வாயு அறைக்குள்ளேயே திரும்பும். காபன் மொனொக்சைட். மணம் இல்லை, நிறம் இல்லை. அந்தத் துவாரம் அதற்காக வெட்டியது. சொல்லி முடித்துவிட்டு, யார் இதை அடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் பவளக்காவின் ஈரக் காலுறையைப் பார்த்தேன். நீங்கள், "நாங்கள்தான்" என்றீர்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னீர்கள்: "அங்க நான் 'நாங்க'ன்னு சொன்னது உங்களுக்காக இல்லை அண்ணாச்சி. அந்த வீட்டுக்கு உங்களை அனுப்பினது நான். எத்தனை தடவை அங்க கட்டுப் போட்டிருக்கேன், அந்த ஓட்டை காணாமப் போனதை இன்னிக்குத்தான் கவனிச்சேன். என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். உங்க பங்கை நீங்கதான் எடுத்துக்கணும்."

செல்வராசா அண்ணை நான்காம் நாள் வீடு திரும்பினார். அதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலடியில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "நான்தானே தம்பி அடைக்கச் சொன்னனான்," என்றார். பவளக்கா அப்படி விடவில்லை. "அவர் நோயாளி, கேட்பார். நீர் வேலை தெரிஞ்ச ஆளல்லோ?" என்றார். அதற்குப் பிறகு நாலு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவர் கேட்டது நியாயம்.

மண்டபத்துத் திறப்புக்கொத்தைக் குமாரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதை உங்களிடம் சொல்ல வந்தேன். நீங்கள் சமைத்துக்கொண்டிருந்தீர்கள், அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"எத்தனை வீடு செஞ்சிருக்கோம்?"

"நாப்பதுக்கு மேலை."

"அதுல இன்னும் எந்த வீட்டுல எந்த ஓட்டையை அடைச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க போயிட்டா அதை யார் போய்த் திறக்கிறது?"

திறப்புக்கொத்து என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

குமார் வீட்டில் அவசரக் கூட்டம் வைத்தோம். அந்த நேரத்தில் எங்கள் குழுவுக்கு உதவித்தொகை கேட்டு ஒரு நிதியத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். அவர்கள் பெப்ரவரியில் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அது கிடைத்தால் பத்து மடங்கு வீடுகளுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் மண்டபமே கையைவிட்டுப் போகும். குமார் நல்லவர், பயந்திருந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. அவையள் வந்திட்டுப் போகட்டும். பிறகு ஆறுதலாப் பாப்பம்," என்றார்.

"ஆறுதலாப் பாக்கிற விஷயமா இது?" என்றீர்கள். "இன்னிக்கு ராத்திரியும் அந்த நாப்பது வீட்டுலயும் ஆளுங்க தூங்குவாங்க."

மறுநாள் முதல் போனோம். நீங்கள் ஷிப்ட் முடித்து வருவீர்கள், நான் வேலை முடித்து வருவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே வசனத்தை நான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் உத்தரவு: போன முறை நாங்கள் செய்த வேலையில் பிழை இருக்கலாம், பார்க்க வந்திருக்கிறோம். முதல் வீட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு பெண் வாசலிலேயே வைத்து ஏசினார். ஒருவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்று உள்ளே விட மறுத்துத் தேத்தண்ணியை வாசலுக்கே கொண்டுவந்தார். நீங்கள் அதைக் குடித்துக்கொண்டே உள்ளே புகுந்துவிட்டீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் எது எரிகிறது, காற்று எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று எழுதினோம். ஒவ்வொரு வீட்டிலும் காபன் மொனொக்சைட் வந்தால் கத்தும் அலாரம் ஒன்றை வைத்தோம்.

இன்னொரு வீட்டில் நான் அடைத்த துவாரம் இருந்தது. அங்கே காஸ் ஹீற்றர் இல்லை. ஆனால் குளியலறை ஈரம் போக வழியில்லாமல் அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டுப் பெண் ஆஸ்துமாக்காரி. நான் முழங்காலில் இருந்து என் சிலிக்கனை நானே கத்தியால் வெட்டி எடுத்தேன். நன்றாகப் பூசியிருந்தேன், எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. நீங்கள் அருகில் நின்று டோர்ச் பிடித்தீர்கள்.

நிதியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குமார் எங்கள் வேலையைப் பற்றிப் படங்களோடு அழகாகச் சொன்னார். அவர் முடித்ததும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்தேன். என் ஆங்கிலம் வேலைத்தல ஆங்கிலம். செல்வராசா அண்ணை வீட்டில் நடந்ததை, அவர் பெயரை மட்டும் விட்டு, தொடக்கத்திலிருந்து சொன்னேன். நான் அடைத்தேன், ஏன் என்று கேட்கவில்லை, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், நாங்கள் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனோம். குமார் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

வந்திருந்த இருவரில் ஒருவரான பெண், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நாம் வீடு வீடாக எழுதிய தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தீர்கள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. உதவி தருகிறோம், ஒரு நிபந்தனை, எல்லோரும் காற்றோட்டம் பற்றி முறையாகப் படிக்க வேண்டும், காஸ் வேலைக்கு உரிமம் உள்ள ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். குமார் அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்து என் கையில் தந்தார். "நான் சொன்னதைக் கேட்டிருந்தால் கெட்டிருப்பம் அண்ணை," என்றார்.

ஐம்பத்தாறு வயதில் நான் வகுப்புக்குப் போனேன். காற்று வரவும் வேண்டும் போகவும் வேண்டும், குளிர் மட்டும் தங்கக்கூடாது என்று அங்கே படித்தேன். செல்வராசா அண்ணையின் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் அந்தப் பழைய ஹீற்றரைக் கழற்றிப் புதுக் கொதிகலன் போட்டார். நீங்கள் அவரோடு 'பேசிய' விதம் எங்கள் தமிழில்தான் என்று பவளக்கா பிறகு சொன்னார். அந்த வைகாசியில் செல்வராசா அண்ணையின் புண் ஆறியது. அதே மாதம் பவளக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். வேறு ஒரு கதையும் இல்லை. "பக்கத்து வீட்டிலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. சுவரெல்லாம் தண்ணி. வந்து பாருங்கோ. எதையும் அடைக்க முதல் கேளுங்கோ," என்றார்.

"ஓம் அக்கா, கேக்கிறன்," என்றேன்.

அதற்குப் பிறகு நமக்கு மூன்று குளிர்காலங்கள் கிடைத்தன. உங்களுக்கு வயிற்றில் சின்னப் பிரச்சினை என்று இந்த மாசியில் சொன்னீர்கள். அத்தனை பேரின் நோயைக் கண்டுபிடித்த உங்களுக்கு உங்களுடையது எவ்வளவு பெரியது என்று தெரிந்தே இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. அதற்காக உங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. எழுதினாலும் அது தீராது.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்த நாளில் உங்கள் மகன் கதவைத் திறந்து, அதிகம் பேச வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். நான் மெதுவாகச் சுகம் விசாரித்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "எல்லாரும் என்கிட்ட கிசுகிசுன்னு பேசுறாங்க அண்ணாச்சி. நீங்களாவது இந்த வாரம் போன வீட்டைச் சொல்லுங்க," என்றீர்கள்.

சொன்னேன். மேல்மாடி வீடு, தாயும் மகளும், ஹீற்றிங் பெட்டியில் நேரம் தவறாக இருந்தது, பகலில் ஆளில்லாதபோது எரிந்து இரவில் நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்தேன், ஜன்னல்கள் பார்த்தேன்.

"எந்த ரூம்ல படுக்கிறாங்க?"

நான் கேட்க மறந்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"திரும்பப் போங்க," என்றீர்கள். கொஞ்சம் சிரித்தீர்கள். அதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல். மறுநாளே போனேன். தாயும் மகளும் ஹாலில்தான் படுத்திருந்தார்கள். படுக்கையறையின் ரேடியேற்றர் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை. அதைத் திருத்தியதைச் சொல்ல வருவதற்குள் உங்கள் மகனின் செய்தி வந்துவிட்டது. தேவாலயத்தில் உங்களைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேவாலயத்துக்குள் வந்தவர்கள். செல்வராசா அண்ணை கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார்.

குழுவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, சிஸ்டர். இந்தக் குளிர்காலத்துக்கு ரெய்னர்ஸ் லேன் பக்கத்திலிருந்தும் அழைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு குழுவைத் தொடங்கிக் கொடுக்கிறோம். குமார் இப்போது தானே கையில் டோர்ச்சோடு வீடுகளுக்கு வருகிறார். புதிதாக வருபவர்களுக்கு முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். இந்த வேலை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் எது தெரியாது என்பதும் தெரியும்.

போன சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேனில் முதல் வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கையில் துணியோடு அவசரமாக நின்றார். நான் கருவிப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். நேற்று எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போனீர்கள், எந்த அறை, வீட்டில் என்னென்ன எரிகிறது, முதல் முதல் எந்தப் பக்கத்தால் குளிரை உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணித்தியாலமாகியும் பையைத் திறக்கவில்லை. அந்த அம்மா பொறுமையிழந்து கேட்டார்:

"தம்பி, நீர் வேலை செய்ய வந்தனீரோ, கதைக்க வந்தனீரோ?"

"ரெண்டுக்கும்தான் அம்மா," என்றேன். "முதல் கதைப்பம். இருங்கோ."

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.